கல்லில் போட ஒரு சொல்

முப்பத்தொரு வருஷம் பினாங்கு கோர்ட்டில் மொழிபெயர்ப்பாளராக இருந்தேன். தமிழிலிருந்து மலாய்க்கு, மலாயிலிருந்து தமிழுக்கு, நீதிபதி ஆங்கிலம் கேட்டால் ஆங்கிலத்துக்கு. அத்தனை வருஷத்தில், நான் சொன்னது தப்பு என்று ஒரு வக்கீலாவது எழுந்து நின்றதில்லை. பெருமைக்காகச் சொல்லவில்லை. சரி, பெருமைக்குத்தான் சொல்கிறேன். என்னிடம் மிஞ்சியிருப்பது அது ஒன்றுதான்.

அந்த வேலையில் முதல் விதி, சாட்சி 'நான்' என்றால் நீயும் 'நான்' என்று சொல்ல வேண்டும். 'அவர் வெட்டினாராம்' என்று சொல்லக் கூடாது. 'நான் வெட்டினேன்' என்றுதான் சொல்ல வேண்டும். ஒரு கொலை வழக்கில் நான் அப்படிச் சொன்னபோது, பின்வரிசையில் இருந்த ஒரு பெண் பையை மடியில் இறுக்கிக்கொண்டு என்னையே பார்த்தாள். இரண்டாவது விதி, கூட்டாதே, குறைக்காதே. மூன்றாவது, உன் சொந்த அபிப்பிராயத்தை வீட்டில் வைத்துவிட்டு வா. நான் கோர்ட்டில் அதை ஒழுங்காகச் செய்தேன். வீட்டில் வைத்துவிட்டு வந்த அபிப்பிராயங்களால்தான் வீடு நாசமாகப் போனது.

செப்டம்பர் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், ஆயர் ஈத்தாமில் எங்கள் பிளாட்டில் நான் தோசைக்குக் காத்துக்கொண்டிருந்தபோது, ஒர்னெல்லாவிடமிருந்து என் ஃபோனுக்குச் செய்தி வந்தது. ஒர்னெல்லா என்பவள் என் மகன் டெரன்ஸ் கூட இருந்த இத்தாலிக்காரி. மனைவி என்று சொல்ல மாட்டேன். மாதா கோயிலில் கல்யாணம் நடக்கவில்லை. ஜெனோவாவில் கப்பல் பட்டறையில் வேலை பார்த்த டெரன்ஸ், மே மாதம் மழையில் மோட்டார் சைக்கிள் சறுக்கி விழுந்து இறந்துபோனான். முப்பத்து நாலு வயது. எங்களுக்குப் பாஸ்போர்ட் கையில் வருவதற்குள் அடக்கம் முடிந்துவிட்டது. அவள் ஃபோனைப் பிடித்துக்கொண்டு நின்றாள், நாங்கள் இங்கே சோபாவில் உட்கார்ந்து பார்த்தோம். பாதி நேரம் மண்ணும் யார் யாருடைய காலணியுமாகத்தான் தெரிந்தது.

அவள் ஆங்கிலம் அரைகுறை. செய்தியின் சாரம் இதுதான். கல்லறைக்குக் கல் தயாராகிறது, பெயரும் தேதியும் கொடுத்தாயிற்று, அப்பா அம்மாவிடமிருந்து ஒரு சொல் வேண்டும். 'வீட்டில் என் பெயர் பாய் என்று டெரி சொல்வான். இத்தாலிய மொழியில் அதை எப்படிப் போட? மூன்று நான்கு சொல் இருக்கிறது. தப்பாகப் போட எனக்குப் பயம். அப்பா கோர்ட்டில் மொழிபெயர்ப்பவர், பினாங்கிலேயே அவர்தான் பெரிய ஆள் என்று டெரி சொல்லியிருக்கிறான். நீங்களே சொல்லுங்கள்.'

பெரிய ஆள் என்று சொன்னானாம். தோசை வந்தது, அதை அப்படியே வைத்துவிட்டு எழுந்துபோனேன்.

பாய் என்றால் என்ன என்பதை இங்கே சொல்லிவிடுகிறேன். பிரியாணிக்கடை பாய் இல்லை, ஆங்கில பாய். இந்த ஊரில் எங்கள் ஆட்கள் வீடுகளில் மூத்த ஆண்பிள்ளை பாய், பெண்பிள்ளை கேர்ள். ஃபாதர் தண்ணீர் ஊற்றி வைத்த பெயர் பள்ளிக்கூடத்துக்கும் ஐ.சி. என்கிற அடையாள அட்டைக்கும்தான். மீசை நரைத்தாலும் பாய் பாய்தான். ஆயர் ஈத்தாம் பசாரில் நின்று 'பாய்!' என்று கூப்பிட்டால் பத்துப் பேர் திரும்புவார்கள், அதில் இரண்டு பேருக்குப் பேரன் இருப்பான். எங்கள் வீட்டில் ஒரே பிள்ளை, ஒரே பாய்.

நாலு வருஷமாக அந்தச் சொல்லை நான் சொல்லவில்லை. காரணத்தையும் மறைக்கப் போவதில்லை. ஏற்கெனவே கல்யாணமாகிப் பிரிந்த ஒரு பெண்ணோடு, பூசை இல்லாமல், ஆசீர்வாதம் இல்லாமல், ஒரே வீட்டில் இருக்கிறேன் என்று அவன் ஃபோனில் சொன்னான். நான் அப்போது கோயிலில் ஞாயிறுதோறும் வாசகம் வாசிக்கிறவன், பங்கு மன்றத்தில் செயலாளர். ஃபோனை வைத்துவிட்டு, சாமி படத்துக்குக் கீழே இருந்த பைபிள் மேல் கையை வைத்து, என் மனைவி ரோசம்மா பார்க்க, 'எனக்குப் பிள்ளை இல்லை. இனிமேல் அவனை பாய் என்று என் வாயால் கூப்பிட மாட்டேன்' என்று சொன்னேன். கோர்ட்டில் எத்தனை ஆயிரம் பேருக்குச் சத்தியப் பிரமாணம் செய்துவைத்தவன் நான். பொய்ச் சத்தியம் செய்தவர்களை மனதுக்குள் எவ்வளவு கேவலமாக நினைத்திருக்கிறேன் என்பது எனக்குத் தெரியும். சத்தியம் என்றால் சத்தியம்.

அவன் இறந்த செய்தி வந்த அன்றைக்கும், அந்தச் சொல் தொண்டைவரைக்கும் வந்து நின்றது. ரோசம்மா தரையில் உட்கார்ந்து 'பாய், பாய்' என்று கத்தினாள். நான் 'டெரன்ஸ்' என்றேன். ஐ.சி.யில் இருக்கும் பெயரைச் சொல்லி அழுத ஒரே தகப்பன் நானாகத்தான் இருப்பேன்.

அதனால் ஒர்னெல்லாவின் செய்தியைப் படித்தபோது, எனக்கு ஒரு வழி தெரிந்தது. வெட்கமாகத்தான் இருக்கிறது, இருந்தாலும் சொல்கிறேன். இத்தாலிய மொழியில் நான் எந்தச் சத்தியமும் செய்யவில்லை. அந்த மொழியில் ஒரு சொல்லைக் கண்டுபிடித்துக் கல்லில் போட்டுவிட்டால், அது நான் கூப்பிட்டதாகவும் இருக்கும், சத்தியத்தை மீறியதாகவும் இருக்காது. சட்டத்தில் ஓட்டை தேடுகிற வக்கீல்களை முப்பத்தொரு வருஷம் பார்த்தவனுக்கு இது வராமலா போகும்?

கெலுகோரில் மொழி வகுப்பு எடுக்கும் ஐமான் என்பவனைத் தேடிப் போனேன். அவனுடைய தகப்பன் என்னோடு கோர்ட்டில் குமாஸ்தாவாக இருந்தவர். பையன் இத்தாலியில் மூன்று வருஷம் படித்துவிட்டு வந்தவன். மாமாக் என்று இங்கே சொல்கிற முஸ்லிம் டீக்கடை ஒன்றில் தே தாரேக் டீ வாங்கிக் கொடுத்து, அந்தச் சொல்லை ஆங்கிலத்தில் எழுதிக் காட்டிக் கேட்டேன். மலாயில்தான் பேசினோம்.

"பிள்ளை சின்னதா அங்கிள்? சின்னதுன்னா 'பம்பீனோ'. பதினஞ்சு பதினாறுன்னா 'ரகாத்ஸோ'. வயசு எத்தனை?"

"முப்பத்து நாலு."

அவன் சிரித்தான். "முப்பத்து நாலு வயசு ஆளை யாரு அங்கிள் பாய்னு கூப்பிடுவா?"

"எங்க வீட்டுல கூப்பிடுவோம்."

"சரி, யாரு கூப்பிடுறது? அம்மா அப்பான்னா வயசே பாக்க வேணாம். 'ஃபீல்யோ'ன்னா மகன். 'ஃபீல்யோ மியோ'ன்னா என் மகனே. அறுபது வயசானாலும் அதுதான்." ஒரு காகிதத்தில் எழுதிக் கொடுத்தான். பிறகு, "எங்க இருக்காரு அவரு?" என்று கேட்டான்.

"ஜெனோவாவில."

"அல்லா, அப்ப அவர்கிட்டயே கேக்கலாமே! என்னைவிட அவருக்கு நல்லா தெரியும்."

"கேக்கறேன்" என்றேன். இறந்துவிட்டான் என்று சொல்ல வாய் வரவில்லை. தே தாரேக் ஆறிப்போய், மேலே ஆடை கட்டியிருந்தது. பஸ்ஸில் திரும்பி வரும்போது வாய்க்குள் சொல்லிப் பார்த்தேன். ஃபீல்யோ மியோ. ஃபீல்யோ மியோ. பக்கத்தில் இருந்த சீனக் கிழவி செபம் சொல்கிறேன் என்று நினைத்திருப்பாள். நாலு வருஷத்தில் முதல்முறையாக என் மகனை நான் கூப்பிட்டேன், மனசு கொஞ்சம் லேசாக இருந்தது.

வீட்டுக்கு வந்து ரோசம்மாவிடம் காகிதத்தைக் காட்டினேன். "இதான் சரியான சொல். நம்ம ரெண்டு பேரு பேரையும் கீழ போட்டுடலாம். இத்தாலிக்காரனுக்கு நம்ம வீட்டுப் பேரு என்னா புரியும்?"

"புரிஞ்சி அவன் என்னா செய்யப் போறான்? அவனா வந்து கூப்பிடப் போறான்?"

"அதுக்கில்ல லா, ஊர் பாஷையில இருந்தாத்தான் மரியாதை."

அவள் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். கத்தியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "உங்களுக்கு அந்தப் பேரச் சொல்ல வாய் வரல. அதுக்கு இத்தாலிக்காரன் முதுகுக்குப் பின்னால போய் ஒளிஞ்சிக்கப் பாக்குறீங்க. எனக்குத் தெரியாதா உங்கள?"

முப்பத்தெட்டு வருஷம் கூட இருந்தவளிடம் எதை மறைக்க முடியும்?

"ஞாயித்துக்கெழமை அந்தப் பொண்ணுகிட்ட நானே பேசுறேன்" என்றாள். "நீங்க பக்கத்துல ஒக்காந்து மாத்திச் சொல்லுங்க. அதானே உங்க வேல."

ரோசம்மா பாயான் லெப்பாஸில் ஒரு ஃபேக்டரியில் இருபது வருஷம் நின்று வேலை பார்த்தவள். யெஸ், நோ, ஓவர்டைம், இந்த அளவுக்கு ஆங்கிலம். சரி, சாட்சி அவள், மொழிபெயர்ப்பாளன் நான். கடைசியில் என் சொல்லைத்தான் போட வேண்டும் என்று எப்படியாவது பேசிச் சம்மதிக்க வைத்துவிடலாம் என்று நினைத்துக்கொண்டேன்.

ஞாயிறு சாயங்காலம் நாலு மணி, அங்கே காலை பத்து. ரோசம்மா கோயிலுக்குக் கட்டிய சேலையை மாற்றாமல் உட்கார்ந்திருந்தாள். ஃபோனைத் தண்ணீர்ப் போத்தலில் சாய்த்து வைத்தேன். ஒர்னெல்லா வந்தாள். அவள் முகத்தை நான் சரியாகப் பார்த்தது அன்றுதான். கண்ணாடி போட்ட, களைத்துப்போன, நல்ல முகம். நல்ல முகமாக இருந்ததே என்று எனக்குக் கோபம் வந்தது.

"கல்லுல பாய்னே போடச் சொல்லுங்க" என்றாள் ரோசம்மா. "மாத்த வேணாம். இங்கிலீஷ் எழுத்துல, அப்படியே."

நான் வாயைத் திறந்தேன். அப்போதுதான் உறைத்தது, இதை மொழிபெயர்க்க வேண்டுமானால் அந்தச் சொல்லை நான் சொல்லியாக வேண்டும்.

"'பாய்' என்றே போடுங்கள். மாற்ற வேண்டாம்" என்று ஆங்கிலத்தில் சொன்னேன். சொல்லிவிட்டேன். கூரை இடிந்து விழவில்லை. சாட்சியின் வாக்குமூலம் சாட்சிக்குச் சொந்தம், மொழிபெயர்ப்பாளனைக் கட்டாது. அப்படித்தான் என்னை நானே சமாதானம் செய்துகொண்டேன்.

ஒர்னெல்லா எழுதிக்கொண்டாள். "பாய். நான் கல்லறைக்குப் போகும்போது சொல்ல வேண்டும். எப்படி உச்சரிப்பது? பொய்?"

"பாய்" என்றேன்.

"பாய்."

"பாய்" என்றேன் மறுபடியும். சரியாகச் சொல்லிக் கொடுக்க வேண்டுமே.

அவள் கேட்டாள், இத்தாலிய மொழியில் வேண்டாம் என்று ஏன் அம்மா நினைக்கிறார்கள் என்று. ரோசம்மாவிடம் அதைச் சொன்னேன். அவள் கையை மடியில் வைத்துக்கொண்டு, ஃபோனைப் பார்த்துப் பேச ஆரம்பித்தாள். என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"அம்மாடி, என் பிள்ள வாரா வாரம் ஞாயித்துக்கெழமை ஃபோன் போடுவான். உனக்கே தெரியும். அப்பா இருக்காராம்மான்னு கேப்பான். இவரு பால்கனில நிப்பாரு. நான் குளிக்கிறாருப்பான்னு சொல்வேன். நாலு வருசம், ஒவ்வொரு ஞாயித்துக்கெழமையும் குளிக்கிறாரு. கடசியா பேசுனப்ப சிரிக்கிறான், 'அம்மா, பினாங்குலயே ரொம்ப சுத்தமான ஆளு நம்ம அப்பாதாம்மா'ன்னு. அவனுக்குத் தெரியும். தெரிஞ்சும் கேட்டுக்கிட்டே இருந்தான். அந்த நாலு வருசமும் அவன பாய்னு கூப்பிட்டது நான் ஒருத்திதான். அதனால அது என் வார்த்தை. அத யாரும் மாத்த வேணாம்."

சுத்தமான ஆள் என்று சொன்ன கதை எனக்குத் தெரியாது. அதுவரை அவள் சொன்னதில்லை.

ஒர்னெல்லா காத்திருந்தாள். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னேன்: "அம்மாவுக்கு அந்தச் சொல் ரொம்பப் பிரியம். அதனால் மாற்ற வேண்டாம் என்கிறார்கள்."

ரோசம்மா மெதுவாகத் திரும்பினாள். "நான் பேசுனது அவ்வளவு நீளம். நீங்க பேசுனது இத்துனூண்டு. மிச்சம் எங்க?"

இதே கேள்வியை நீதிபதிகள் வேறு ஆட்களிடம் கேட்டு, அவர்கள் நெளிந்ததைப் பார்த்திருக்கிறேன். என்னிடம் யாரும் கேட்டதில்லை. முப்பத்தொரு வருஷத்துப் பெயர், என் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் போனது.

"முழுசா சொல்லுங்க" என்றாள்.

சொன்னேன். விதிப்படி, 'நான்' என்றே சொன்னேன். "என் மகன் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் கூப்பிடுவான். அப்பா எங்கே என்று கேட்பான். என் கணவர் பால்கனியில் நின்றுகொண்டிருப்பார். அவர் குளிக்கிறார் என்று நான் பொய் சொல்வேன்." ஒரு சொல்லையும் விடவில்லை. சுத்தமான ஆள் என்பதையும் சொன்னேன். அது வரும்போது என் குரல் உடைந்தது. சாட்சி அழாமல் இருக்கும்போது மொழிபெயர்ப்பாளன் அழக் கூடாது. அழுதேன். ரோசம்மா அழவில்லை.

ஒர்னெல்லா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். அவளுக்கும் தெரிந்துதான் இருந்திருக்கும். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அவன் பக்கத்தில் உட்கார்ந்து காப்பி குடித்தவள் அவள்தானே. பிறகு கேட்டாள்: "கீழே யார் பெயர்? அம்மா, அப்பா, இரண்டுமா?"

அதைத் தமிழில் சொன்னேன். ரோசம்மா சொன்னாள்: "அம்மான்னு மட்டும் போடச் சொல்லுங்க. அவருக்குத்தான் பிள்ளையே இல்லையே. அவரு வாயால சொன்னதுதானே."

கோர்ட்டில் மொழிபெயர்ப்பாளன் தன் சொந்தப் பேச்சைப் பேச வேண்டுமென்றால் ஒரு வழி உண்டு. 'மொழிபெயர்ப்பாளர் ஒன்று சொல்ல அனுமதி கேட்கிறார்' என்று, தன்னையே வேறு ஆளாக்கிக் கேட்க வேண்டும். முப்பத்தொரு வருஷத்தில் அதை நான் இரண்டு மூன்று முறைக்கு மேல் செய்ததில்லை. அன்று என் மனைவியிடம் கேட்டேன்.

"ரோசம்மா, நான் ஒண்ணு சொல்லலாமா?"

"சொல்லுங்க."

"என் பேரும் இருக்கட்டும். அப்பான்னு. சின்ன எழுத்துல போட்டாக்கூடப் போதும்."

அவள் முகம் ஒரு நொடி இளகியது. பொய்யில்லை, பார்த்தேன். "சரி" என்றாள். "எனக்கும் ஆசதான். அப்ப அவன ஒரு தடவ கூப்பிடுங்க. மாத்திச் சொல்றதுக்காக இல்ல. உங்க சொந்த வாயால, அவங்க அப்பாவா. அந்தப் பொண்ணு முன்னால. கூப்பிட்டீங்கன்னா ரெண்டு பேரையும் போடச் சொல்றேன்."

ஒரு சொல். கொஞ்சம் முன்னால் நாலு முறை சொன்ன சொல். ஒர்னெல்லாவுக்கு உச்சரிப்பு திருத்திக் கொடுத்த சொல்.

வாயைத் திறந்தேன். பைபிள் மேல் வைத்த கை ஞாபகம் வந்தது என்று சொன்னால் அது பொய். சத்தியம் எல்லாம் அந்த நேரத்தில் ஞாபகத்திலேயே இல்லை. கூப்பிட்டால் யார் 'என்னப்பா' என்று கேட்கப் போகிறார்கள்? அதுதான் வந்தது. பாய் என்று மொழிபெயர்ப்பாளன் சொன்னால் அது ஒரு சொல். அப்பன் சொன்னால் அது கூப்பிடுவது. கூப்பிட்டால் பதில் வர வேண்டும், வராது, இனி எந்த ஞாயிற்றுக்கிழமையும் வராது. நாலு வருஷம் அவன் பக்கம் அப்படித்தான் இருந்திருக்கும் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. புரிந்தும் என்ன, வாய் திறந்தபடியே இருந்தது, சத்தம் வரவில்லை.

"ஃபீல்யோ மியோ" என்று சொல்லிப் பார்த்தேன். அதுவும் பாதிதான் வந்தது.

ரோசம்மா காத்திருந்தாள். கீழே பஸ் நின்று போனது, அடுத்த பஸ்ஸும் வந்து நின்று போனது. அவ்வளவு நேரம் காத்திருந்தாள். நான் கூப்பிட வேண்டும் என்று அவள் எவ்வளவு விரும்பினாள் என்பது, அவள் சேலைத் தலைப்பைப் பிடித்திருந்த பிடியில் தெரிந்தது. பிறகு அதை விட்டுவிட்டாள்.

"அம்மான்னு மட்டும் போடச் சொல்லுங்க" என்றாள்.

"'அம்மா' என்று மட்டும் போடுங்கள்" என்று ஆங்கிலத்தில் சொன்னேன். கூட்டவில்லை, குறைக்கவில்லை.

ஒர்னெல்லா எழுதாமல் பேனாவைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அவளுக்குத் தமிழ் தெரியாது, ஆனால் எல்லாம் தெரிந்துவிட்டது. ஃபோனுக்குப் பக்கத்தில் வந்து, நேராக என்னைப் பார்த்துக் கேட்டாள்: "அப்பா, நிச்சயமா?"

யாரும் என்னை அப்பா என்று கூப்பிட்டு நாலு வருஷம் ஆகியிருந்தது. அது என்னைக் கேட்ட கேள்வி. என் பதிலுக்காகத்தான் அந்தப் பெண் காத்திருந்தாள். நான் ரோசம்மா பக்கம் திரும்பி, "நிச்சயமான்னு கேக்குது" என்று தமிழில் சொன்னேன்.

ரோசம்மா என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு ஃபோனைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு, "யெஸ்" என்று அவளே சொன்னாள். அதற்கு நான் தேவைப்படவில்லை.